ஏர் கன், பயிர்க் காவல் துப்பாக்கி, லைசென்ஸ்: அங்கத்தினர் அறிய வேண்டுவன

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் பொருட்டு ஊர் ஊராகச் செல்லும் நம்மைப் போன்றோரிடம், கடன், வட்டி, பங்குத் தொகை ஆகியவற்றுக்குப் புறம்பான ஐயங்களையும் அங்கத்தினர்கள் எழுப்புவது வழக்கம். அண்மைக் காலத்தில் மூன்று கேள்விகள் அடிக்கடி நம் செவியில் விழுகின்றன. கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர், "கிளி விரட்ட ஓர் ஏர் கன் வாங்கலாமா? அதற்கு லைசென்ஸ் வேண்டாமாமே?" என்கிறார். நிலக்கடலை பயிரிடுபவர், "காட்டுப்பன்றியைச் சுடத் துப்பாக்கி லைசென்ஸ் பெற வழியுண்டா?" என்று கேட்கிறார். நெசவாள அங்கத்தினர் ஒருவரோ தயங்கித் தயங்கி, "பாட்டனார் காலத்துத் துப்பாக்கி ஒன்று பரண்மேல் கிடக்கிறது, அதனால் ஏதும் வருமா, ஐயா?" என்கிறார். இம்மூன்றுக்கும் விடைகள் வெவ்வேறு சட்டங்களில் உள்ளன. ஒரு சட்டத்தை அறிந்தவர் மற்றதை அறியாமையால் வழக்கில் சிக்குவதையும் காண்கிறோம். ஆகவே அவற்றை ஓரிடத்தில் தொகுத்துக் கூற முற்படுகிறோம்.

முதலில் ஏர் கன் எனப்படும் காற்றுத் துப்பாக்கியைக் காண்போம். கடைகளில் பெரும்பாலும் விற்பது குழலை மடக்கித் திறக்கும் வகையாகும். குழலை மடக்கும்போது உள்ளே உள்ள ஸ்பிரிங் அழுந்திப் பூட்டிக்கொள்கிறது. விசையை இழுத்தவுடன் அந்த ஸ்பிரிங் விடுபட்டு, உருளைக்குள் இருக்கும் காற்றை நொடிப்பொழுதில் நசுக்குகிறது. அக்காற்றே சிறிய ஈயக் குண்டைத் தள்ளிச் செல்கிறது. மருந்தில்லை, நெருப்பில்லை, புகையுமில்லை. இதனால் இது ஒரு விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் பரவிவிட்டது. சட்டம் அவ்வாறு கருதவில்லை.

நம் நாட்டில் துப்பாக்கிகள் பற்றிய தலைமையான சட்டம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமாகும். அது 1878ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க ஒரு மரப்பலகையில் சுட்டுப் பார்க்கும் முறை இருந்தது. குண்டு பலகையைத் துளைத்து வெளியேறாவிடில் லைசென்ஸ் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இதற்கு எண்களால் எல்லை வகுத்தன. குழல் வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்பட்டாலும், குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலும் அந்த ஏர் கன் லைசென்ஸுக்கு உட்பட்டதாகிவிடும். '177' என்று வழங்கப்படுவது 4.5 மில்லிமீட்டர் குழலாகும். '22' என்று வழங்கப்படுவது 5.5 மில்லிமீட்டர், அதன் வலு எவ்வளவு குறைவாயினும் லைசென்ஸ் வேண்டும். "ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்ற பொதுப் பேச்சில் உள்ள முதல் ஓட்டை இதுவே.

இரண்டாவது ஓட்டை ஆற்றலைப் பற்றியது. இதனை அங்கத்தினர்கள் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். குண்டின் எடையைக் கிலோகிராமில் எழுதுக. வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதி, அதனை அதனாலேயே பெருக்குக. இரண்டையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஜூல் கணக்கு கிடைக்கும். சாதாரண 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஏறத்தாழ அரை கிராம், அதாவது 0.53 கிராம் இருக்கும். அது விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் சென்றால் ஆற்றல் சுமார் 8 ஜூல். 275 மீட்டர் வேகத்தில் சென்றால் 20 ஜூல்; அதுவே எல்லை. சில பெட்டிகளின் மேல் "விநாடிக்கு 1,000 அடி" என்று பெருமையாக அச்சிட்டிருக்கும். 1,000 அடி என்பது 305 மீட்டர். அந்த வேகம் மேற்கண்ட ஈயக் குண்டுக்கே உரியதாயின் ஆற்றல் 24 ஜூலைத் தாண்டிவிடும். லைசென்ஸ் இல்லாதவர் அதைத் தொடவே கூடாது. ஆனால் விளம்பர வேகம் பெரும்பாலும் இலேசான உலோகக் கலவைக் குண்டால் அளக்கப்படுவது. 0.35 கிராம் குண்டாயின் அதே வேகத்தில் 16 ஜூல்தான் வரும். எனவே பெட்டியின் மேலுள்ள வேகத்தை மட்டும் நம்பி வாங்குவதும் தவறு, அஞ்சி விடுவதும் தவறு. எந்த எடைக் குண்டால், எத்தனை ஜூல் என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவதே முறை. பில்லில் குழலின் விட்டமும், ஆற்றலும், துப்பாக்கியின் எண்ணும் இருக்க வேண்டும். கடைக்காரர் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்டால் கொடுக்கத் தயங்க வேண்டாம். கேளாமலே விற்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. கடைக்காரர் தாமே ஸ்பிரிங்கை மாற்றி "வலுவேற்றித் தருகிறேன்" என்றால், எல்லைக்குள் இருந்த பொருள் எல்லைக்கு வெளியே போய்விடக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்க.

8 ஜூல் என்று மேலே குறித்தோமே, அது அற்பமென எண்ணலாகாது. ஒலிம்பிக் பந்தயங்களில் 10 மீட்டர் தூரத்துக்குப் பயன்படும் துப்பாக்கிகள் ஏறத்தாழ அவ்வளவு வலுவுடையனவே. ரைபிள் பந்தயத்துக்குரிய இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதன்முதலாகத் தனிநபர் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தது இத்தகைய ஏர் ரைபிளால்தான். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். ஏர் ரைபிளில் உலகத் தரவரிசையில் முதலிடம் எய்திய இளவேனில் வாலறிவன் நம் கடலூரில் பிறந்தவர். குறி பார்ப்பதில் பிள்ளைகளுக்கு ஆர்வமிருப்பின், தோட்டத்தில் விட்டுவிடாமல் அருகிலுள்ள ரைபிள் கிளப்பில் சேர்ப்பது நலம். அங்கே முதல் சில நாட்கள் சுடவே விடாமல், துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எப்படிக் கீழே வைப்பது என்று மட்டும் கற்பிப்பார்கள். அந்தப் பொறுமையே அக்கலையின் பாதி என்பது நமது அபிப்பிராயம்.

அதே 8 ஜூல் ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கவும் போதுமானது. ஈயக் குண்டு நூறு மீட்டருக்கு அப்பாலும் பாயும். வேலியோரத்தில் நிற்கவே நிற்காது. கிணற்றுமேட்டுக் கருங்கல்லிலோ, மோட்டார் கொட்டகைத் தகரத்திலோ பட்டால் திரும்பியும் வரும். துப்பாக்கி லைசென்ஸ் தேவையற்றதாக இருக்கலாம். அதனால் விளைந்த காயத்துக்கு விலக்கு கிடையாது. ஒரு கண்ணின் பார்வையை நிரந்தரமாகப் போக்குவது கொடுங்காயம் என்பது 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தெளிவாக உள்ளது. பிறர் வீட்டு நாயையோ ஆட்டையோ வேண்டுமென்றே சுட்டு ஊனப்படுத்தினால் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கவும் அதில் இடமுண்டு.

இனிக் கிளிக்கு வருவோம். கொய்யாத் தோப்பு அங்கத்தினரின் கேள்வியில் சட்டச் சிக்கல் துப்பாக்கியில் இல்லை, கிளியில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் விரிவாகத் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் புதிய அட்டவணைகளுடன் இயங்குகிறது. நம் தோப்புகளுக்கு வரும் பச்சைக்கிளியும் மைனாவும் அதன் இரண்டாம் அட்டவணையிலும், மயில் முதலாம் அட்டவணையிலும் உள்ளன. கொல்வது மட்டுமே வேட்டை என்று பலர் எண்ணுகின்றனர். அச்சட்டத்தில் காயப்படுத்துவதும், கண்ணி வைப்பதும், அவற்றுக்கு முயல்வதுங்கூட வேட்டைதான். குறி தவறிவிட்டது என்பது விடுதலைக்கு வழியாகாது. இரண்டாம் அட்டவணை உயிரை வேட்டையாடினால் மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மயிலைச் சுட்டாலோ மூன்றாண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரை நீளக்கூடிய சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பில்லும் அடையாளச் சான்றும் சரியாக வைத்து வாங்கிய ஏர் கன் இவ்விடத்தில் ஒருவரையும் காப்பாற்றாது. கிளிக்கு வலையும், பழத்துக்கு உறையும், தகர ஓசையுமே வழி. அவை செலவுடையவை என்பதையும், விளைச்சலைப் பறிகொடுப்பவருக்கு இது கசப்பான விடை என்பதையும் நாம் அறியாமலில்லை. ஆயின் வலையைப் பத்துப் பேர் சேர்ந்து சங்கத்தின் வழியாக மொத்தமாக வாங்கினால் விலை குறையும். வழக்குச் செலவை அப்படிப் பங்கிட இயலாது.

சின்னத் துப்பாக்கி பறவைகளுக்கு எத்தனை பெரிய தீங்கு என்பதை அருணாசலப் பிரதேசத்து மக்கள் தாமே உணர்ந்து செய்த காரியம் ஒன்று உண்டு. அங்கே மலைக் கிராமங்களில் ஏர் கன் கொண்டு பறவை வேட்டையாடுவது வீட்டுக்கு வீடு வழக்கமாயிருந்தது. 2021 மார்ச்சில் கிழக்குக் காமெங் மாவட்டத்தின் லும்டுங் கிராமத்தில், ஏர் கன்களைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் 1,600க்கும் மேற்பட்டவை ஒப்படைக்கப்பட்டன. தண்டனைக்கு அஞ்சி அன்று, காட்டில் பறவைக் குரல் குறைந்துவிட்டதைக் கண்டு கொடுத்தவர்களே பலர்.

காட்டுப்பன்றி விஷயம் இதைவிடக் கடினமானது. ஒரே இரவில் ஒரு காணி கடலையைப் புரட்டிப் போட்டுவிட்டுச் செல்லும் விலங்கைப் பற்றிப் பேசும்போது சட்டப் பிரிவுகளை எண்ணிக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வாராது. இருப்பினும் இங்கே இரண்டு அனுமதிகள் தனித்தனியே உள்ளன என்பதை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று துப்பாக்கிக்கு, மற்றொன்று விலங்குக்கு.

துப்பாக்கியைப் பொறுத்தவரை ஆயுதச் சட்டமே உழவர் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய்வழி மருந்திட்டு இடிக்கும் துப்பாக்கிக்கு ஒரு குடிமகன் விண்ணப்பித்தால், வேறு தடையில்லாதவிடத்து லைசென்ஸ் வழங்க வேண்டும் என்று அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது. அந்த வகைத் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால், உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வேறு துப்பாக்கிக்கும் அளிக்கலாம். போதிய சொத்தில்லை என்ற ஒரே காரணத்தால் எவருக்கும் லைசென்ஸ் மறுக்கலாகாது என்று 14ஆம் பிரிவில் உள்ளது. சிறு நிலக்காரர்களான நம் அங்கத்தினர் இதைத் தெரிந்து வைத்திருத்தல் வேண்டும். மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டுப் பெறவும், மேல்முறையீடு செய்யவும் உரிமையுண்டு. ஆனால் பயிர்க் காவல் லைசென்ஸ் அதில் குறித்த நிலத்துக்கே உரியது. சந்தைக்கும் திருமணத்துக்கும் தோளில் மாட்டிச் செல்வதற்கு அன்று.

விலங்கைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1962ஆம் ஆண்டு விதிகளில், பயிரையும் கால்நடையையும் கெடுக்கும் காட்டு விலங்குகளை அழிப்பதற்கென்றே தனி லைசென்ஸ் படிவம் இருந்தது. அதைக் கண்டு பழகிய தலைமுறை, லைசென்ஸ் இருந்தால் பன்றியைச் சுடலாம் என்று எண்ணியதில் வியப்பில்லை. பத்தாண்டுகள் கழித்து வந்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலையை மாற்றிவிட்டது. காட்டுப்பன்றி இப்போது இரண்டாம் அட்டவணையில் உள்ளது. நிற்கும் பயிருக்கு ஆபத்து விளைக்கும் இரண்டாம் அட்டவணை விலங்கைச் சுட, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரமளித்த அலுவலரோ எழுத்து மூலம், காரணம் காட்டி அனுமதி தர வேண்டும். தன்னையோ பிறரையோ காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் சுட்டது குற்றமாகாது. இந்த விலக்கு உயிருக்கே ஒழிய, பயிருக்கு இல்லை. அனுமதி பெற்றே சுட்டாலும், உயிர் காக்கவே சுட்டாலும், விழுந்த விலங்கு சர்க்காரின் உடைமை. இறைச்சியைப் பங்கிட்டால் அது தனிக் குற்றம். பல வழக்குகள் இந்தப் பங்கிலிருந்துதான் தொடங்குகின்றன.

தமிழ்நாட்டில் 2025 சனவரியில் அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிப்பதோ சுடுவதோ இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவர். அதற்கும் அப்பால் மட்டுமே சுடுதல் உண்டு; சுடுபவர் பயிற்சி பெற்ற வனத்துறையினரே, உழவர் அல்லர். ஆகவே சேதம் நேர்ந்தவுடன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் தேதியுடன் மனுக் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். பயிர்ச் சேதத்துக்கான உதவித் தொகைக்கும் அந்த மனுவே ஆதாரம். தனித்தனியே செல்வதினும் பாதிக்கப்பட்ட அங்கத்தினர் அனைவரும் சர்வே எண்களுடன் ஒரே மனுவாக அளித்தால் அதற்கு மதிப்பு மிகுதி. சிலர் மலிவு வழியென்று அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதும் நாம் அறிந்ததே. அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்து யானைகள் மாண்டிருக்கின்றன. மின்வேலியிலோ இரவில் தண்ணீர் பாய்ச்சச் சென்ற உழவரே வீழ்ந்திருக்கின்றனர். இவற்றைப் பற்றி மேலும் கூறத் தேவையில்லை.

லைசென்ஸ் பெறும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். விண்ணப்பம் மாவட்ட ஆட்சித் தலைவருக்கு. மாநகரங்களில் காவல்துறை ஆணையருக்கு. விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராயிருத்தல் வேண்டும். காவல் நிலைய அறிக்கை பெறப்படும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும், வீட்டில் பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழியும் 2016ஆம் ஆண்டு விதிகளில் உள்ளன. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் லைசென்ஸின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாயிற்று. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாயின. வேடந்தாங்கல், முண்டந்துறை, வல்லநாடு போன்ற சரணாலயங்களிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வசிப்போருக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவின்றிப் புதிய லைசென்ஸ் வழங்கலாகாது. அப்பகுதி அங்கத்தினர் இதை அறிந்து விண்ணப்பித்தால் வீண் அலைச்சல் குறையும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

பரண்மேல் கிடக்கும் பாட்டனார் துப்பாக்கிதான் எஞ்சியுள்ளது. நம் பார்வையில் மூன்றனுள் மிகவும் ஆபத்தானது இதுவே. ஏனெனில் வீட்டிலுள்ளோர் யாரும் குற்றம் செய்வதாகவே நினைப்பதில்லை. லைசென்ஸ் ஆளுக்கு உரியது, வீட்டுக்கு உரியதன்று. உரியவர் காலமானவுடன் அத்துப்பாக்கி லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியாகிவிடுகிறது. லைசென்ஸின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அது துருப்பிடித்தது, சுடாது என்பன நீதிமன்றத்தில் வாதிட வேண்டிய செய்திகள். சோதனைக்கு வரும் காவலரைத் திருப்பியனுப்பப் பயன்படா. செய்ய வேண்டுவது யாதெனில், தாமதியாமல் அதனை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது பெறுதல். எடுத்துச் செல்லுமுன் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் கூறும்படி செய்வது வழியில் எழக்கூடிய ஐயங்களைத் தவிர்க்கும். வாரிசுகளுள் ஒருவர் விரும்பினால், மற்ற வாரிசுகளின் சம்மதத்துடன் தம் பெயருக்கு லைசென்ஸ் கோரலாம். லைசென்ஸ்தாரர் உயிருடன் இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்தாலும், துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்திருந்தாலும், வாரிசு விண்ணப்பிக்க விதிகளில் இடமுண்டு. முதியவர்கள் இருக்கும் வீட்டார் இதை இப்போதே எண்ணிப் பார்க்கலாம். இடையில் அதனை விற்கவோ, இரவல் தரவோ, நகையைப் போல் அடகு வைக்கவோ கூடாது. அடகு பிடித்தவரும் லைசென்ஸின்றி வைத்திருந்தவராகவே கருதப்படுவார்.

வீட்டில் வைத்திருப்போர்க்குச் சில சொற்கள். குண்டேற்றிய துப்பாக்கி வீட்டுக்குள் வரவே கூடாது. துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், குண்டும் மருந்தும் வேறொரு பூட்டுக்குள், சாவி இடுப்பில். இலக்கைப் பார்க்குமுன் இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும். சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். குழல் மடக்கும் ஏர் கன்னில் குண்டிடும்போது மற்றொரு கையால் குழலை இறுகப் பிடித்துக்கொள்க. பூட்டு நழுவினால் குழல் நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும். குண்டில்லாமல் வெறுமனே சுட்டால் உள்ளேயுள்ள உருளைத் தட்டு அடிபட்டுக் கெடும். ஸ்பிரிங் பகுதியில் எண்ணெயைத் தாராளமாக விடும் பழக்கமும் தீது. நசுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் தீப்பற்றி, குண்டு எதிர்பாரா வேகத்தில் பாயும். வெளிப்புறத்தில் மட்டும் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். தோலுறையில் போட்டு மாதக்கணக்கில் வைத்தால் உறை ஈரத்தை உறிஞ்சிக் குழலைத் துருவேற்றும். கரிமருந்துத் துப்பாக்கியை உபயோகித்த அன்றே வெந்நீரால் கழுவி, நன்கு உலர்த்தி எண்ணெயிட வேண்டும். ஈயக் குண்டுகளை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்திடும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஈயம் உடலுக்கு நஞ்சு. குண்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே சோற்றில் கை வைக்க வேண்டும்.

கோயில் திருவிழாவிலும் திருமண ஊர்வலத்திலும் வானத்தை நோக்கிச் சுடும் வழக்கமுள்ளவர்கள், பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி அவ்வாறு செய்வது 2019 முதல் தனிக் குற்றமாக்கப்பட்டு, இரண்டாண்டு வரை சிறையோ ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கப்படும் என்பதை அறிக. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி ஆணை வருவதுண்டு. அப்போது துப்பாக்கியின் எண், அதன் நிலை, உடன் கொடுத்த குண்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்கி, அதன் நகலை லைசென்ஸ் புத்தகத்துடன் சேர்த்து வைப்பாராக. திரும்பப் பெறும் நாளில் அந்த ரசீதுடன் ஒத்துப் பார்த்த பின்பே கையொப்பம் இட வேண்டும்.